கவிழ்த்து வைத்த குடம்

குடத்தைக் கழுவினேன். துடைத்தேன். பச்சையரிசியின் மேல் கவிழ்த்து வைத்தேன்.

தேங்காயை மேசைக்குக் கீழே தள்ளினேன். மாவிலையைத் தகரப் பெட்டிக்குள் திரும்பப் போட்டு மூடினேன். எங்கள் மாவிலை பிளாஸ்டிக். கழுவித் துடைத்தால் அடுத்த கலியாணத்துக்கும் ஆகும்.

ஒஸ்லோவில், ஸ்டோவ்னரில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். சனிக்கிழமை பிற்பகல். வெளியே பனி பழசாகிக் கறுத்துக் கிடந்தது. வாசலில் ஈரச் சப்பாத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாய்க் குவிந்திருந்தன. குசினியில் வடை பொரியும் சத்தம்.

கொழும்பிலிருந்து ஒரு பெரிய உத்தியோகத்தர் வருவதாக ஏற்பாடு. எங்கள் ஊர்ப் பாலத்தைப் பற்றிக் கதைக்க வருகிறார். வாசலில் நிறைகுடம் வைத்து, விளக்கேற்றி, மாலை போட்டு வரவேற்க வேண்டும். ஊர்ச் சங்கம் தொடங்கிய நாளிலிருந்து நிறைகுடம் என் வேலை. பேசத் தெரியாதவனுக்குத் தூக்கி வைக்கிற வேலை.

கவிழ்ந்த குடத்தை முதலில் கண்டவர் சங்கத் தலைவர் கணேசண்ணையின் மனைவி. குடத்தின் அடியை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு குசினிக்குள் போனார்.

வடைச் சத்தம் நின்றது.

தந்தி

போன கிழமை இந்தப் பத்தியில் ரயில் பெட்டி கழுவிய கதையை எழுதியிருந்தேன். ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். என் வசனங்கள் தந்தி போல இருக்கின்றனவாம்.

உண்மைதான். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எங்கள் ஊரில் தந்தி என்றால் சாவு, இல்லாவிட்டால் பாலம். பாலம் பற்றி மேலிடத்துக்கு அடிக்கடி தந்தி அடிப்பார்கள். சொல்லுக்குச் சொல் காசு. அதனால் ஊரே சுருக்கமாய்ப் பேசப் பழகிவிட்டது.

பதில் வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

நடுவாய்

எங்கள் ஊருக்கும் பட்டினத்துக்கும் நடுவே கடல்நீரேரி. அதற்குள் கல் அடுக்கி, மண் கொட்டி, வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு தெரு போட்டார்கள். அதைத்தான் நாங்கள் பாலம் என்போம்.

ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு துண்டு. பட்டினப் பக்கத்திலிருந்து ஒரு துண்டு. இரண்டும் நடுவில் சந்திக்கவில்லை. அங்கே ஆழம். நீரோட்டம் இழுக்கும். அந்த வெட்டவெளிக்கு நடுவாய் என்று பெயர்.

நடுவாய்க்குக் கல் போதாது. இரும்பு வேண்டும். பொறியியலாளர் வேண்டும். அது அரசாங்கத்தின் பங்கு. அந்தப் பங்கு இன்னும் வரவில்லை.

இதை எழுதும்போது நான் ஒஸ்லோவில், குரோருட்டில் மூன்றாம் மாடி வீட்டில் இருக்கிறேன். கையில் பேரன் தந்த பேனா. வெள்ளைக்காரன் போய்விட்டான். அவனுக்குப் பிறகு வந்தவர்களில் பலர் செத்தும் போனார்கள். நடுவாய் அப்படியே இருக்கிறது.

கல் கொடுத்த கதை

இது என் அப்பாவுக்கு அவருடைய அப்பா சொன்னது. நான் ஆட்களைப் பார்க்கவில்லை. கல்லைப் பார்த்திருக்கிறேன்.

வெள்ளைக்கார ஏசண்டர், அதாவது அரசாங்க அதிபர், குதிரையில் வந்தாராம். ஊர் நிறைகுடம் வைத்தது. தேங்காயும் மாவிலையுமாய் இருந்த குடத்தைக் காட்டி, இதைக் குடிப்பதா என்று மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டாராம். ஊர் சிரிக்கவில்லை. மரியாதை.

பிறகு அவர் தன் விஷயத்தைச் சொன்னார். தெரு போட அரசாங்கத்துக்கு விருப்பம். செலவுதான் அதிகம். ஊர் கல்லும் உழைப்பும் கொடுத்தால் பாதிச் செலவு குறையும். லண்டன் உடனே சரி சொல்லும்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. நிறைகுடம் வைத்து அழைத்த ஆளிடம் இல்லை என்று சொல்லக்கூடாது. குடத்தை நிறைத்து வைத்துவிட்டு ஆளை வெறுங்கையோடு அனுப்பினால் ஊருக்குத் தரித்திரம். அப்படி ஒரு நம்பிக்கை. யார் தொடங்கியதோ தெரியாது. அதனால் ஊருக்கு எவ்வளவு நட்டம் என்று தொடங்கியவர் யோசித்திருக்க மாட்டார்.

ஊர் கொடுத்தது. வீடு கட்ட வெட்டி வைத்திருந்த முருகைக்கல்லைக் கொடுத்தது. மதிலைப் பிரித்துக் கொடுத்தது. பெண்கள் ஓலைக் கடகத்தில் மண் சுமந்தார்கள். ஆண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று கல் அடுக்கினார்கள். உப்புத் தண்ணீரில் காலில் புண் வந்து ஆறவில்லையாம். இரு பக்கமும் தெரு வளர்ந்து நடுவாய்க்கு வந்தது.

இனி உங்கள் பங்கு என்று ஊர் சொன்னது.

ஏசண்டர் கொழும்புக்கு எழுதினார். கொழும்பு லண்டனுக்கு எழுதியது. லண்டன் ஒரு கேள்வி கேட்டதாம். அந்த வழியால் எத்தனை வண்டி போகிறது?

பாலம் இல்லாத இடத்தில் வண்டி எப்படிப் போகும்?

வண்டி இல்லை என்று பதில் போனது. வண்டி இல்லாத இடத்துக்குப் பாலம் எதற்கு என்று பதில் வந்தது. ஏசண்டருக்கு இடமாற்றம் கிடைத்தது. புதிய ஏசண்டர் வந்தார். ஊர் மறுபடி நிறைகுடம் வைத்தது. அவரும் கேட்டார். ஊர் மறுபடியும் கொடுத்தது. இந்த முறை மரம்.

லண்டனில் படித்த மனிதர்கள் இருந்திருப்பார்கள். கணக்குத் தெரிந்தவர்கள். அவர்களில் ஒருவருக்கும் அந்தக் கேள்வி வெட்கமாய் இருக்கவில்லையா? இந்த வயதிலும் எனக்கு அது விளங்கவில்லை.

அப்பாவின் தொழில்

நடுவாயில் வள்ளம் விட்டவர் என் அப்பா.

ஊர்ப் பக்கத் துண்டின் நுனியிலிருந்து பட்டினப் பக்கத் துண்டின் நுனிக்கு ஆட்களை ஏற்றி இறக்குவார். மரக்கோலை ஊன்றித் தாங்கித் தாங்கிப் போவார். ஆழத்தில் கோல் நிலம் முட்டாது. அங்கே துடுப்பு. காற்றுக் காலத்தில் இரண்டும் உதவாது.

பாலம் முடிந்தால் எங்கள் வீட்டில் உலை வைக்க முடியாது. இது ஊருக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் என்னைப் பகிடி பண்ணுவார்கள். உன்ரை கொப்பர்தான் லண்டனுக்குக் கடிதம் போட்டுப் பாலத்தை நிப்பாட்டினவர் என்பார்கள். அப்பாவுக்கு எழுதத் தெரியாது. அதையும் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஆனால் பாலம் வேண்டும் என்று ஊர் மனு எழுதியபோதெல்லாம் முதலில் பெருவிரல் வைத்தவர் அவர்தான். ஒருமுறை அம்மா கேட்டார். பாலம் வந்தால் நீங்கள் என்ன செய்வியள்? அப்பா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"நடந்து போவன்," என்றார்.

எங்கள் அரசாங்கம் வந்த பிறகு கொஞ்சம் மாற்றம். கடிதத்துக்குப் பதிலாக அடிக்கல் வந்தது. தேர்தலுக்கு முன் ஒரு பெரியவர் வருவார். நிறைகுடம் வைப்போம். அவர் ஒரு கல்லை நட்டுவிட்டு, ஊர் என்ன கொடுக்கும் என்று கேட்பார். ஊர் துறையடிக் காணியைக் கொடுத்தது. பனைமரம் கொடுத்தது. வாக்குக் கொடுத்தது.

துறையடியில் மூன்று அடிக்கல் நிற்கின்றன. முதல் கல்லில் அப்பா வள்ளத்தைக் கட்டுவார். இரண்டாவதில் வலை காயும். மூன்றாவதில் ஆடு படுக்கும். ஆட்டுக்கு அந்தக் கல் பிடிக்கும். பளபளப்பான கல். வெயிலில் சூடாகும்.

பிறகு சண்டை வந்தது. சண்டையைக் காரணம் சொன்னால் நான் வாய் திறக்க மாட்டேன். ஆனால் நடுவாய் சண்டைக்கு முன்னும் இருந்தது, பின்னும் இருக்கிறது.

நான் நோர்வே வந்ததும் சண்டையால்தான். அந்தக் கதையை இங்கே இழுக்கவில்லை.

அக்கா ஏன் வெளிக்கிடவில்லை

எனக்கு ஒரு அக்கா. பெயர் யோகம். ஊரில்தான் இருக்கிறார். தனிய.

இரண்டு சிறுநீரகமும் பழுது. கிழமைக்கு இரண்டு தரம் பட்டினத்து ஆஸ்பத்திரிக்குப் போய் மெசினில் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு தரம் தவறினால் கால் வீங்கும். இரண்டு தரம் தவறினால் மூச்சு எடுக்க முடியாது.

நடுவாயில் இப்போது பைபர் படகு ஓடுகிறது. திறந்த படகு. வாடைக்காற்று அடித்தால் ஓடாது. ஓடினாலும் அலை உள்ளே வரும். நோயாளி நனைந்துதான் போக வேண்டும்.

நான் வேலைத்தலத்தில் தந்த மழைச்சட்டை ஒன்றை அனுப்பினேன். ரயில் பெட்டி கழுவும்போது போடுவது. மஞ்சள். வெளிச்சம் பட்டால் மின்னும். அக்கா அதைச் சேலைக்கு மேலே போட்டுக்கொண்டு படகில் இருப்பார். கரையில் நிற்பவர்களுக்கு நடுவாயில் ஒரு மஞ்சள் புள்ளி போவது தெரியும். அது பட்டினத் துண்டில் ஏறும் வரை பார்த்துக்கொண்டு நிற்பார்களாம்.

பட்டினத்தில் ஒரு அறை எடுத்துத் தருகிறேன் என்று எத்தனையோ முறை கேட்டேன். மறுத்துவிட்டார். பிடிவாதம் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் காரணம் சொன்னார்.

"இஞ்சை ஆக்கள் குறைஞ்சு போச்சாம். அதாலை பாலம் தேவையில்லையெண்டு அரசாங்கக் கந்தோரிலை கதைக்கிறாங்கள். நானும் போனால் இன்னும் ஒரு தலை குறையும். அவங்களுக்கு நான் ஏன் அந்த உதவியைச் செய்யவேணும்?"

ஆட்கள் ஏன் குறைந்தார்கள்? பாலம் இல்லாததால். பாலம் ஏன் இல்லை? ஆட்கள் குறைந்ததால்.

லண்டன் கேட்ட அதே வண்டிக் கணக்கு. வேறு ஆட்கள் கேட்கிறார்கள். அவ்வளவுதான்.

லோறென்ஸ்கூக் பஸ்

ஒஸ்லோச் சங்கம் ஒரு முடிவு எடுத்தது. பாலம் நம் கையில் இல்லை. படகு நம் கையில் இருக்கிறது. கூரை போட்ட பெரிய படகு. நோயாளி படுக்க இடம். காற்றிலும் ஓடும் இயந்திரம்.

இரண்டு வருடமாய்ச் சேர்த்தோம். கொத்துரொட்டி விற்றோம். குளிரில் நின்று விற்றோம். பெண்கள் வீட்டில் பலகாரம் சுட்டுக் கொடுத்தார்கள். என் மனைவி றஞ்சிக்கு எண்ணெய் தெறித்துக் கையில் தழும்பு. காசு சேர்ந்தது.

அந்த நேரம் பார்த்துக் கொழும்பிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். பாலத் திட்டத்தைத் தூசி தட்டி எடுத்திருக்கிறார்களாம். அரசாங்கத்திடம் முழுக்காசு இல்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள் ஒரு பங்கு முதலில் போட்டால் மிச்சத்துக்குத் திறைசேரி யோசிக்கும். நேரில் விளக்க ஒருவர் வருவார்.

கணேசண்ணை தொலைபேசி எடுத்தார். குரலில் சந்தோஷம். படகுக் காசைப் பாலத்துக்குக் கொடுக்கலாம் என்று நிர்வாகம் நினைக்கிறது என்றார். பெயர்ப்பலகையில் சங்கத்தின் பெயர் வருமாம்.

கணேசண்ணை கெட்டவர் இல்லை. என்னை ஒஸ்லோவில் முதல் குளிருக்குக் கடைக்குக் கூட்டிப்போய்ச் சப்பாத்து வாங்கித் தந்தவர். ஒஸ்லோவுக்கு வெளியே லோறென்ஸ்கூக்கில் வீடு வைத்திருக்கிறார். வாங்கும்போது அங்கே நிலக்கீழ் ரயில் வரும் என்று சொன்னார்களாம். இன்னும் பஸ்தான். அதைச் சொன்னார்.

"நானும் ரயிலுக்குப் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன் மயில். அரசாங்கமெண்டால் சுணங்கும்தான். பொறுக்கவேணும்."

எனக்குப் பதில் மெதுவாய்த்தான் வரும். தொலைபேசியை வைத்த பிறகுதான் வந்தது. அவர் சூடு போட்ட பஸ்ஸுக்குள் இருந்து பொறுக்கிறார். அக்கா நனைந்துகொண்டு பொறுக்கிறார். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் பாவிக்கக்கூடாது.

மறுபடி எடுத்தேன். படகுக் காசைத் தொட வேண்டாம் என்றேன்.

"நீர் குடத்தை வையும். கதையை நாங்கள் பாக்கிறம்," என்றார்.

என் மகள் சாரு மேசையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். இங்கே பிறந்தவள். அவளுக்கு ஊர்ப் பாலம் படத்தில் கண்ட பாலம். ஆனாலும் அவளுக்குக் கோபம் வந்தது. நோர்வேயில் டுக்னாட் என்று ஒன்று இருக்கிறது. வசந்த காலத்தில் குடியிருப்பில் எல்லோரும் வெளியே வந்து முற்றம் கூட்டுவோம், வேலிக்கு வர்ணம் பூசுவோம், பிறகு கோப்பி குடிப்போம். சம்பளம் இல்லை.

"டுக்னாட்டிலை இலை கூட்டலாம் அப்பா," என்றாள். "பாலம் கட்டுறது ஸ்டாட்டின்ரை வேலை. அதுக்குத்தானே ஸ்காத் எடுக்கினம்?"

ஸ்டாட் என்றால் அரசு. ஸ்காத் என்றால் வரி. எங்கள் வீட்டில் பாதிக் கதை இப்படித்தான்.

எங்கள் ஊரும் வரி கட்டியது. வெள்ளைக்காரனுக்குக் கட்டியது. பிறகு வந்தவர்களுக்கும் கட்டியது. அப்பா வள்ளத்துக்கு வரி கட்டினார். பாலம் இல்லாததால் ஓடிய வள்ளம். அதற்கும் வரி.

நிமிர்த்துங்கோ

அதனால்தான் குடத்தைக் கவிழ்த்தேன்.

பேச்சில் நான் வெல்ல மாட்டேன். அது எனக்குத் தெரியும். நிறைகுடத்தை வைத்தால் வழக்கம் வென்றுவிடும். மாலை விழும், விளக்கு எரியும், அவர் கேட்பார், எங்கள் ஆட்கள் கொடுப்பார்கள். வேண்டாம் என்று நினைப்பவரும் கையைத் தூக்குவார். நிறைகுடத்துக்கு முன்னால் இல்லை என்ற சொல் எங்களுக்கு வராது. நூறு வருடம் எங்களை ஏமாற்ற ஒருவரும் கஷ்டப்படவில்லை. வந்தார்கள், கேட்டார்கள்.

கணேசண்ணை வாசலுக்கு வந்தார். குடத்தைப் பார்த்தார். முகம் கறுத்தது. நிமிர்த்தும் என்று மெல்லச் சொன்னார். நான் குடத்துக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் கையை நீட்டினார். பிறகு எடுத்துக்கொண்டார். நான் பெருத்த ஆள் இல்லை. ஆனால் அந்த இடத்தை விட்டு விலகவில்லை.

அந்த நேரம் உத்தியோகத்தர் உள்ளே வந்தார். தமிழர்தான். மெல்லிய மனிதர். குளிருக்குப் போதாத கோட்டு. சப்பாத்தைக் கழற்ற வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். குனிந்து கழற்றினார். அவருடைய ஒரு காலுறையில் பெருவிரல் ஓட்டை. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனாலும் நகரவில்லை.

அவர் நிமிர்ந்தார். குடத்தைக் கண்டார். எங்கள் பக்கத்து ஆள் போல. அவருக்கு விளங்கியது.

"இது ஏன் கவிட்டு வைச்சிருக்கு?" என்று கேட்டார். கோபமாய்க் கேட்கவில்லை.

குசினியில் நின்ற பெண்கள் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். றஞ்சியின் கையில் எண்ணெய்க் கரண்டி. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஐயா, இந்தப் பாலத்துக்கு எங்கடை ஆக்கள் கனக்கக் குடம் வைச்சிட்டினம்," என்றேன். "இதை நீங்களே நிமித்துங்கோ. நாங்கள் எங்கடை பங்கைத் தந்தால் மிச்சம் எப்ப வருமெண்டு சொல்லிப்போட்டு நிமித்துங்கோ. நான் தண்ணி வாத்துத் தாறன்."

அவர் குடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கை கொஞ்சம் அசைந்தது. தூக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். தூக்கியிருந்தால் நான் தண்ணீர் வார்த்திருப்பேன். சத்தியமாய் வார்த்திருப்பேன்.

"அதைத் திறைசேரிதான் சொல்லவேணும்," என்றார்.

குடத்தைத் தொடவில்லை. சுற்றிக்கொண்டு உள்ளே போனார்.

மாலை போடுவதா விடுவதா என்று கணேசண்ணைக்குத் தெரியவில்லை. கையில் வைத்துக்கொண்டே கூட்டத்தைத் தொடங்கினார். உத்தியோகத்தர் படம் போட்டுக் காட்டினார். நல்ல படம். பாலத்தில் கார் போனது. ஓரத்தில் மரங்கள் நின்றன. பிறகு, ஆட்கள் குறைந்துவிட்டதால்தான் திறைசேரி தயங்குகிறது என்றார். வெளிநாட்டில் இருப்பவர்கள் காசு போட்டால் அந்தத் தயக்கம் போகும் என்றார்.

படகுக் காசை எப்போது அனுப்பலாம் என்று யாராவது கேட்பார்கள் என்று பார்த்தேன். கேட்கவில்லை. வழக்கமாய் இந்த இடத்தில் கை தட்டுவார்கள். தட்டவில்லை. நிறைகுடம் இல்லாத கூட்டம் வேறு மாதிரி இருந்தது. ஆட்கள் கேள்வி கேட்டார்கள். வெள்ளைக்காரனுக்குக் கொடுத்த கல் கணக்கில் வருமா என்று கேட்டார்கள். துறையடிக் காணி யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டார்கள். உத்தியோகத்தர் ஒவ்வொன்றுக்கும் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார்.

றஞ்சி கரண்டியோடு எழும்பினாள்.

"படகுக்கெண்டு சுட்ட பலகாரம். படகுக்குத்தான் போகவேணும்," என்றாள். திரும்பக் கதிரையில் இருந்துவிட்டாள்.

கை தூக்கச் சொன்னார்கள். படகு வென்றது. பெரிய வெற்றி இல்லை. பாலத்துக்கும் கனபேர் தூக்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பாலம் யாருக்குத்தான் வேண்டாம்?

உத்தியோகத்தருக்குத் தேத்தண்ணியும் வடையும் கொடுத்தோம். சாப்பிட்டார். வடை நன்றாய் இருக்கிறது என்றார். அவரில் எனக்குக் கோபம் இல்லை. அவர் அனுப்பப்பட்டவர். ஏசண்டரும் அப்படித்தான். அனுப்புகிறவர்கள் ஒருநாளும் வருவதில்லை. அவர்கள் வந்து அந்த வாசலில் சப்பாத்தைக் கழற்ற வேண்டும். அதுதான் என் ஆசை.

எண்ணட்டும்

அன்று பின்னேரமே ஊருக்குச் செய்தி போய்விட்டது. அக்கா தொலைபேசியில் பேசினார். பேசினார் என்றால் ஏசினார்.

வாசலில் குடம் கவிழ்ப்பது இழவு வீட்டு வேலை என்றார். வந்த மனிசனை அவமதித்துவிட்டாய் என்றார். அப்பா இருந்தால் மரக்கோலால் வெளுத்திருப்பார் என்றார். நாளைக்கு நான் ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள், இன்றைக்குத்தானா உனக்குக் குடம் கவிழ்க்கக் கிடைத்தது என்றார். கேட்டுக்கொண்டிருந்தேன். அக்கா ஏசும்போது மூச்சு வாங்கியது. அதையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியில் குரல் மாறியது. படகு எந்த நிறம் என்று கேட்டார்.

படகு நீல நிறம். இப்போது கட்டி முடித்துவிட்டார்கள். படம் அனுப்பினார்கள். கூரை இருக்கிறது, படுக்கை இருக்கிறது. பட்டினத்துத் துறைமுகத்தில் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறது.

கட்டியபடியே இருக்கிறது.

ஆட்களை ஏற்ற அனுமதி வேண்டுமாம். அனுமதி கொடுக்கும் கந்தோர் இன்னொரு கந்தோரைக் கேட்டிருக்கிறது. அந்தக் கந்தோர் கேட்ட கேள்வியைக் கணேசண்ணை எனக்கு வாசித்துக் காட்டினார். பாலத் திட்டம் பரிசீலனையில் இருக்கும்போது இந்த இடத்துக்குப் படகு ஏன் தேவை?

பாலம் கேட்டால் ஆள் இல்லை. படகு கேட்டால் பாலம் இருக்கிறது. இதை எழுதியவருக்கு மாதச் சம்பளம் போகிறது. அதற்குத் திறைசேரி ஒருநாளும் சுணங்கியதில்லை.

கணேசண்ணை என்னோடு முந்தியைப் போல் கதைப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு கிழமையும் வேலைக்குப் போகுமுன் அந்தக் கந்தோருக்குத் தொலைபேசி எடுக்கிறார். லோறென்ஸ்கூக் பஸ் தரிப்பிடத்தில் நின்றுகொண்டு எடுப்பாராம். அந்தக் குளிருக்குள் கத்துவாராம். அவர் மனைவி றஞ்சிக்குச் சொன்னது. எனக்கு அவரில் மரியாதை கூடிவிட்டது. இதை அவர் வாசிப்பார்.

இப்போது மறுபடி வாடைக்காற்று. போன கிழமை அக்காவுக்கு ஒரு தரம் தவறிவிட்டது. கால் வீங்கியிருக்கிறது. நேற்றுக் கதைத்தோம். காற்றின் சத்தம் தொலைபேசியில் கேட்டது. படகு எப்போது வரும் என்று கேட்டார்.

வரும் என்று சொல்ல வாய் எடுத்தேன். நிறுத்திக்கொண்டேன். அது அவர்களுடைய சொல். ஏசண்டர் சொன்னது. அடிக்கல் நட்டவர்கள் சொன்னது. அந்தச் சொல்லை என் அக்காவுக்கு நான் சொல்ல மாட்டேன்.

"தெரியாது அக்கா," என்றேன்.

பட்டினத்துக்கு வரச்சொல்லி இன்னொரு முறை கேட்டேன். அங்கே ஒரு அறை பார்த்து வைத்திருக்கிறேன் என்றேன்.

"நாளைக்குக் காத்துக் குறையுமாம்," என்றார். "மஞ்சள் சட்டை காயுது. அதைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போட்டு வருவன். பிறகு இஞ்சைதான் இருப்பன். உந்தக் கந்தோர்க்காரரைச் சந்திச்சால் சொல்லு, இஞ்சை யோகம் எண்டு ஒருத்தி இருக்கிறாளெண்டு. எண்ணட்டும்."